கழுத்தில் நின்ற மயில்

யாராவது கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வெறுங்கையோடு போக வேண்டும். நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

என் மனைவி செல்வி ரவிக்கையில் பூ தைக்கும் மெஷின் வைத்திருக்கிறாள். ஒரு பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் அது தைக்கும். அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முதுகில் மயில் வைத்த ரவிக்கை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மயில் கழுத்துவரை வந்தது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. எத்தனை தடவை போட்டாலும் கழுத்தோடு சரி.

கம்பெனிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டருக்குள் ஓடும் அந்தச் சிஸ்டத்தை நிறுத்தி ரொம்ப நாளாகிறது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். புதுசு சொன்னால் செல்வியின் மெஷின் கேட்காதாம். (நான் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷின் பார்க்கிறவன். என் அப்பா வேலைக்குச் சேரும் முன்பே ஓடிய மெஷின். இன்றும் ஓடுகிறது. உன்னை நிறுத்தியாச்சு என்று அதனிடம் யாரும் போய்ச் சொன்னதில்லை.)

அப்போதுதான் தமிழ்ப்பள்ளி மாறன் சார் மாட்டினார். ஈப்போக்காரர். அந்தப் பழைய சிஸ்டத்தைத் தானும் நண்பர்களும் புதிதாக எழுதப் போவதாகச் சொன்னார். சம்பளம் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பேர் ஓப்பன் சோர்ஸ் என்றார். நான் விழித்தேன்.

"கோத்தோங் ரோயோங் மாதிரி லா அண்ணே. ஞாயித்துக்கெழம ஸ்கூல் கேன்டீன்ல கூட்டம். வாங்க."

அது புரிந்தது. அதுதான் வினை. எங்கள் எஸ்டேட் லயத்தில் கோத்தோங் ரோயோங் என்றால், எல்லாரும் சேர்ந்து காலையில் கால்வாய் வெட்டுவோம். மத்தியானம் மீகூன் சேமியா சாப்பிடுவோம். வேலை முடிந்திருக்கும். ஆகவே மத்தியானத்துக்குள் சிஸ்டம் தயார் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் அண்ணனுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அன்று மழை. கம்ப்யூட்டருக்கு மழைக்கோட்டு போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டினேன். எனக்குக் கோட்டு இல்லை.

கேன்டீனில் நிறையப் படித்த பிள்ளைகள். முதலில் சிஸ்டத்துக்குப் பேர் வைக்க உட்கார்ந்தார்கள். பேர் அமையவில்லை. பிறகு அதற்குச் சின்னமாக ஒரு படம் வரைந்தார்கள். தேயிலையா புலியா என்று சண்டை. நான் எத்தனையோ கால்வாய் வெட்டியிருக்கிறேன். ஒன்றுக்கும் பேர் வைத்ததில்லை.

அப்புறம், பழைய சிஸ்டத்தின் உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்றார்கள். பார்த்தால் காப்பி அடித்ததாகிவிடுமாம். வெளியே அது செய்வதைப் பார்த்து, அப்படியே செய்ய வேண்டுமாம். பொறுமை போய்விட்டது. என் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். திரையில் மயில் கோடு கோடாக வந்தது. கழுத்தில் நின்றது.

எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், "இன்னொரு தடவ நிக்க வைங்க அங்கிள்" என்றாள். நிற்க வைத்தேன். மறுபடி கை தட்டல். போனில் படம் வேறு.

"இதச் சரி பண்ணிருவீங்கல்ல?" என்று சாரைக் கேட்டேன்.

"சரி பண்ணக் கூடாது அண்ணே. பழசு எங்க நிக்குதோ புதுசும் அங்கதான் நிக்கணும். அப்பத்தான் அசல்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டுப்போனதைக் கெட்டுப்போனபடியே செய்வதற்கா இத்தனை படிப்பு?

"எப்ப முடியும்?"

"பத்து வருஷம் ஆகலாம் லா."

"கல்யாணம் வர்ற சனிக்கிழம சார்."

யாரோ மீகூன் தட்டை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. (வாங்கியிருக்கலாம். நல்ல பசி.)

வீட்டில் செல்வி நான் சொன்னதைப் பாதிதான் கேட்டாள். ஊசியை எடுத்தாள். மயில் தலையைக் கையால் தைத்தாள், என்னை முறைத்துக்கொண்டே. கல்யாணத்தில் பெண் மாலை மாற்றத் திரும்பினாள். அவள் முதுகிலிருந்து மயில் மண்டபத்தையே முறைத்தது. அது என் மூஞ்சி மாதிரியே இருக்கிறது என்று என்னைக் காட்டினார் மச்சான். எனக்குத் தெரியும், அது யார் முறைப்பு என்று.

இன்றும் நான் வாசலைப் பாதி கூட்டிவிட்டு உட்கார்ந்தால், "அப்பா ஓப்பன் சோர்ஸ்" என்பாள் மகள்.

போன மாதம் மாறன் சார் வீட்டுக்கு வந்தார். புது சிஸ்டம் ஓடுகிறது என்றார். செல்வியின் மெஷினில் மாட்டினார். மெஷின் தைத்தது. தோகை வந்தது, உடம்பு வந்தது. கழுத்தில் நின்றது.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

செல்வி உள்ளே போய் மீகூன் கொண்டு வந்தாள். "வேல முடிஞ்சிருச்சுல்ல, சாப்பிடுங்க சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

அந்த முறைப்புதான் அசல்.