பெயில் அகாடமியின் துணை முதல்வர்

ஹூஸ்டன், டெக்ஸஸ்
14.9.1986, ஞாயிறு

மேன்மை பொருந்திய மாமா அவர்களுக்கு, மருமகன் ஜெபதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் கர்த்தருடைய கிருபையால் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். கிருபாராணி நலம். ஆஸ்பத்திரியில் இந்த வாரமும் இரண்டு ஷிப்ட். நான் நலமா என்பதை இக்கடிதத்தை முடிக்கும்போது தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு அகாடமிக்குத் துணை முதல்வராகியிருக்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதைத் தாங்கள் பாளையங்கோட்டைச் சபையில் எழுந்து நின்று வாசித்து, ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்து, போதகரைக் கொண்டு ஜெபமும் செய்வித்ததாகப் பதில் வந்தது. மிஷன் பள்ளியில் நாற்பது வருடம் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற தாங்கள், எட்டு வருடத்தில் முதல் தடவையாக 'என் மருமகன்' என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்பெல்லாம் 'கிருபாவின் வீட்டுக்காரர்'. அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையை எழுத இவ்வளவு நாள் ஆனது அதனால்தான்.

பிப்ரவரியில் வந்து இறங்கியதிலிருந்து, கிருபா வேலைக்குப் போனபின் அபார்ட்மெண்டில் நானும் ஏர்கண்டிஷனரும் மட்டுமே. எண்ணெய் விலை விழுந்ததில் இந்த ஊரில் இன்ஜினியர்களே வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் 'ஷ்யூர் சக்சஸ்' டுடோரியலின் ஸ்தாபகரை யார் தேடப் போகிறார்கள்? அப்படி இருக்கையில் ஒருநாள் ரேடியோவில் விளம்பரம். பெயில் அகாடமி, அனுபவம் தேவையில்லை, சான்றிதழ் நிச்சயம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பதினைந்து வருடம் பெயிலான பிள்ளைகளோடு வாழ்ந்தவன் நான். நாமெல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு 'விக்டரி', 'ஷ்யூர் சக்சஸ்' என்று பெயர் வைக்கிறோம், இந்த அமெரிக்கர்கள் எவ்வளவு நேர்மையாகப் பெயில் என்றே வைத்துவிட்டார்கள் என்று வியந்து, இரண்டு பஸ் மாறி ஹில்கிராஃப்ட் ரோட்டுக்குப் போனால், ஒரு சலவைக் கடைக்கும் மூடிக் கிடந்த டோனட் கடைக்கும் நடுவில் போர்டு தெரிந்தது. அதில் எஃப் இருக்க வேண்டிய இடத்தில் பி இருந்தது. பெயிண்டர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான், இவர்களுக்கு அவசரமாக ஓர் இங்கிலீஷ் வாத்தியார் வேண்டும் என்று முடிவு செய்து கதவைத் தட்டினேன். பி போட்டு எழுதினால் ஜாமீன் என்று அர்த்தம் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மாமா, ஜாமீனுக்கு எவனாவது பள்ளிக்கூடம் வைப்பான் என்று தாங்களாவது நினைப்பீர்களா?

உள்ளே கேப்டன் ரஸ்ஸல் என்பவர் இருந்தார். பூட்ஸ், தொப்பி, இடுப்பில் கால் கிலோ சாவிக்கொத்து. எந்தப் படைக்குக் கேப்டன் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் இங்கிலீஷில் பேசியதைத் தமிழிலேயே தருகிறேன்.

"இந்த லைன்ல அனுபவம் உண்டா?" என்றார்.

"பதினைஞ்சு வருஷமா பெயில் கேஸ் மட்டும்தான் பார்க்கிறேன்" என்றேன்.

"எத்தனை பேரைத் திரும்பக் கொண்டுவந்திருப்பே?"

"ஒரு நானூறு பேர் இருக்கும். சில பேரை மூணு தடவை."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாராவது தப்பிச்சு ஓடினது உண்டா?"

"ஒருத்தன் காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதிச்சு மேட்னி ஷோவுக்குப் போயிட்டான். இன்டர்வெல்ல போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

"துப்பாக்கி இல்லாமலா?"

"பிரம்புகூட இல்லாம சார்."

அந்த நிமிடமே என் கையைப் பிடித்துக் குலுக்கி, துணை முதல்வர் என்று எனக்கு அட்டை அச்சடிக்கச் சொன்னார். இந்த நாட்டில் வாத்தியார்களுக்குத் துப்பாக்கிதான் பிரம்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாணவர்கள் இரண்டு பேர். எண்ணெய்க் கம்பெனியில் வேலை போன டைப்பிஸ்ட் அர்லீன், எண்ணெய்க் கிணற்றில் வேலை போன பட் என்பவர். முதல் நாளே சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு பாடம். டுடோரியல்காரனான எனக்கே அந்தத் துணிச்சல் வந்ததில்லை. நான் வழக்கம்போல் இலக்கணத்தில் தொடங்கினேன். தாங்கள் அறியாததா, நம் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு திருடன் போலீஸ்காரரைக் கண்டு ஓடிக்கொண்டிருப்பான். அவனைத் தனி வாக்கியத்தில் ஓடவிட்டேன், தொடர் வாக்கியத்தில் ஓடவிட்டேன், கலவை வாக்கியத்தில் ஓடவிட்டேன், செய்வினையில் பிடித்தேன், செயப்பாட்டுவினையில் பிடிபட வைத்தேன். பதினைந்து வருடத்தில் எந்தப் பிள்ளையும் அந்தத் திருடனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அர்லீனோ பேனாவை உயர்த்தி, "எந்தப் பக்கமா ஓடினான் சார்? கார் வெச்சிருந்தானா?" என்று கேட்டாள். பட் கண்ணை மூடி யோசித்து, "அவன் அம்மா வீட்டுக்குத்தான் போயிருப்பான்" என்றார். இப்படி ஊன்றிப் படிக்கிற மாணவர்களும் உண்டா என்று பூரித்துப்போனேன். கேப்டன் அடிக்கடி 'பெயில் ஜம்ப்' என்பார். பெயிலானவனுக்கு டபுள் பிரமோஷன் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அது மகா அநியாயம் என்றேன். அவரும் மேஜையைத் தட்டி, அநியாயம்தான் என்றார்.

அவர் கைவிலங்குப் பாடம் எடுத்தபோது மட்டும் லேசாகச் சந்தேகம் தட்டியது. மாதிரிக்கு என் கையில் மாட்டினார். சாவிக்கொத்தில் இருந்த ஐம்பது சாவியில் ஒன்றும் பொருந்தவில்லை. முழுக்கைச் சட்டைக்குள் விலங்கோடு, இங்குள்ள தமிழ்க் குடும்பமான சாந்தகுமார் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய், எல்லோரும் கைகளை உயர்த்தித் துதிக்கையில் நான் மட்டும் பாக்கெட்டில் கையை விட்டபடி நின்று, திருமதி சாந்தகுமாரிடம் ஆவியில் அனலில்லாதவன் என்று பேரும் வாங்கி, கடைசியில் அவர்கள் குளியலறையில் சோப்புப் போட்டு உருவிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை அர்லீனும் பட்டும் அழாத குறையாக வந்தார்கள். சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போன இடத்தில், "இதைச் சுவர்ல மாட்டலாம், ஆளைப் பிடிக்க ஆகாது" என்று சிரித்தார்களாம். எந்த ஆளை என்றேன். அப்போதுதான் அர்லீன் விளக்கினாள். ஜாமீனில் வெளியே வந்துவிட்டுக் கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிடுகிறவர்களைக் கூலிக்குத் துரத்திப் பிடிக்கிற வேலைக்கான பள்ளியாம் அது. அப்படி ஓடுவதுதான் 'பெயில் ஜம்ப்'பாம். அந்த வேலைக்காரருக்கு பவுண்டி ஹண்டர் என்று பெயராம். ஐந்து வாரமாக அதற்குத்தான் மாமா நான் துணை முதல்வர். தாங்கள் காணிக்கை படைத்ததும் அதற்குத்தான்.

கேப்டன் அறை வெளியே பூட்டியிருந்தது. ஓடிவிட்டான் என்று பட் தொப்பியைத் தரையில் அடித்தார். நான் பூட்டைப் பார்த்தேன். புதுப் பூட்டு. ஓடிப்போகிறவன் புதுப் பூட்டு வாங்க மாட்டான். சலவைக் கடை அம்மாளிடம் சாவி இருக்கும், கேளுங்கள் என்றேன். இருந்தது. திறந்தால், கேப்டன் மேஜைக்கு அடியில் ஒரு சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் கட்டிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்து, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டபடி போய்விட்டார். அந்தப் பள்ளி பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

அவருக்குச் சொல்லாத பதிலைத் தங்களுக்குச் சொல்கிறேன். 1978 ஜூனில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று, மாப்பிள்ளை பார்க்கத் தாங்கள் முன்னறிவிப்பின்றி என் டுடோரியலுக்கு வந்தீர்கள். பூட்டியிருந்தது. பெயிலான பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போயிருக்கிறான், நல்ல பையன் என்று நினைத்துத்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தீர்கள் என்று நிச்சயதார்த்தத்தில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மாமா, நான் எங்கும் போகவில்லை. டீக்கடைக்காரரை விட்டு வெளியே பூட்டச் சொல்லிவிட்டு, உள்ளே பெஞ்சுக்கு அடியில் இருந்தேன். அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் பாஸ். பெற்றோர் முகத்தில் விழிக்கப் பயம். தாங்கள் இரண்டு தடவை கதவைத் தட்டினீர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடமாக அதை விடவில்லை.

ஆகவே இக்கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு சபையில் எழுந்து, என் மருமகன் துணை முதல்வர் அல்ல என்று திருத்தம் சொல்லிவிடும்படி மன்றாடுகிறேன். 'கிருபாவின் வீட்டுக்காரர்' என்றே இனி எழுதலாம். நாளை ஒரு பெட்ரோல் பங்கில் வேலை கேட்கப் போகிறேன். பள்ளிக்கூடம் என்ற பேச்சே இனி என் வாழ்க்கையில் கிடையாது. கிருபாவுக்கு இது எதுவும் தெரியாது, அவளுக்கு எழுதிவிட வேண்டாம். அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் ஆசீர்வாதத்தில் எனக்கு மிச்சம் ஏதாவது இருந்தால், அதைக் கேட்டு நிற்கும்,

கீழ்ப்படிதலுள்ள,
ஜெ. ஜெபதாஸ், பி.ஏ.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஷிப்ட் முடிந்து வந்த கிருபா, கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். ஜாமீன், விலங்கு, கேப்டன் எதற்கும் முகம் மாறவில்லை, பெஞ்சுக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். "எங்கப்பாக்கு அன்னைக்கே தெரியும்லா. உள்ள ஃபேன் ஓடுன சத்தம் கேட்டுச்சாம். வீட்டுக்கு வந்து அம்மாட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஜங்ஷன்ல இருக்க அத்தன டுடோரியல்காரனும் இன்னைக்கு ஊரைவிட்டே ஓடிட்டான். இவன் ஒருத்தன்தான் ஓடாம உள்ளயே உக்காந்திருக்கான். பொண்ணக் குடுக்கலாம்'னாங்க" என்றாள். மாமா, எட்டு வருடம் இதைச் சொல்லாமல் எப்படி இருந்தீர்கள்? பெட்ரோல் பங்குக்கு நான் போகவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று அர்லீனும் பட்டும் வியாழனன்றே கேட்டிருந்தார்கள், இப்போதுதான் போனில் சரி என்றேன், தெரிந்தவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நாளை ஒன்பது மணிக்கு வருகிறார்கள். இந்த மாதம் முழுக்க இடத்துக்கு வாடகை கட்டியிருக்கிறதாம், சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆகையால் சபையில் திருத்தம் எதுவும் வேண்டாம். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், 'துணை' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடவும்.