மகாராணியும் மஞ்சள் பந்தும்

"இன்னும் ஒரே ஒரு தடவை டாக்டரம்மா! இவளுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்."

கூண்டுக் காப்பாளர் கெஞ்சினார். மிருகக்காட்சிசாலை டாக்டரம்மா கையில் ஸ்டாப்வாட்ச். கூண்டுக்குள் ஒரு மஞ்சள் பந்து. எட்டு வருஷமாக அவர் பெற்ற பெண்ணைப் போல வளர்த்த குரங்கு மகாராணி, அந்தப் பந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்கு லாரி வருகிறது. இருக்கிற இரண்டு குரங்குகளில் ஒன்று வேறு ஊருக்குப் போகிறது. எது என்பதை இந்தப் பந்துதான் முடிவு செய்யும். மந்தமாக இருப்பதைத்தானே தள்ளிவிடுவார்கள்! அடுத்த கூண்டுத் தடியனோ, மூன்றே நொடியில் பந்தைப் பிடுங்கிக் கடித்தும் பார்த்துவிட்டான்.

"அவன் தோண்டித் துருவித் தின்னுற இனம். எதைப் பார்த்தாலும் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாகணும். இவளுக்கு இலை போதும், அது மரம் பூராவும் இருக்கு. பந்து எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அரை மணி நேரம் குடுங்க."

டாக்டரம்மா டீ குடிக்கப் போனார். காப்பாளர் பந்தைச் சுற்றித் தழையைப் பரப்பினார். மகாராணி தழையைத் தின்றாள். கடைசி இலையை இழுத்தபோது பந்து லேசாக அசைந்தது. அவ்வளவுதான், வீலென்று கத்திக்கொண்டு கூரைக்கம்பியில் தொற்றிக்கொண்டாள்.

"அட, என்னடி இது! இங்க பாரு, ஒண்ணும் பண்ணாது." உள்ளே போய்ப் பந்தைத் தானே கொஞ்சிக் காட்டினார். மேலேயிருந்து அவர் தலையில் சூடாக ஏதோ கொட்டியது. பயத்தில் அவள் ஒன்றுக்குப் போய்விட்டாள்.

சட்டையைக் கழற்றித் தலையைத் துடைத்தவருக்குச் சட்டென்று யோசனை உதித்தது. எட்டு வருஷமாக அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வது இந்த வியர்வை வாடையைத்தானே? சட்டையின் அக்குள் பக்கத்தால் பந்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

டாக்டரம்மா வந்து பந்தை உருட்டினார். மகாராணி பாய்ந்து இறங்கி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு நொடி! தடியனையே மிஞ்சிட்டாளே!" டாக்டரம்மா வாய் பிளந்தார். பனியனோடு நின்ற காப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை வேலைக்கு வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரியில் மகாராணி!

"யோவ், இறக்குய்யா! ஆள் மாறிப்போச்சு! பந்தை முதல்ல எடுத்தவ இவதான்யா!"

கதவைத் தாழிட்டுவிட்டு லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குத்தாண்ணே இவளை ஏத்துறோம்! புது இடத்துல மிரளாம இருக்கப்போறது எதுன்னு பார்க்கத்தானே அந்தப் பந்தையே போட்டாங்க?"