மல்லிகா ஏற மறுத்த கட்டில்

கேட்காமல் உதவி செய்ய வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. நான் அப்படி வந்தவள்தான்.

ஒடுகத்தூரில் பிறந்து, தினமும் ஜவ்வாது மலையைப் பார்த்தே பல் தேய்த்தவள் என்பதால் மலையைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மருத்துவக் கருவிப் பொறியியல் படித்த திமிர் வேறு. ஜீப் போகாத ஊர்களிலிருந்து நோயாளிகளை இறக்க ஒரு கட்டில் செய்தேன். கீழே ஒற்றைச் சக்கரம், மேலே தோளிலிருந்து கால்வரை பெல்ட். ‘மக்களின் தேவையறிந்து வடிவமைத்தது’ என்று அறிக்கையும் எழுதினேன். (எந்த மக்கள் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை!)

புதூர்நாட்டுப் பக்கம் ஓர் ஊரில் செயல்விளக்கம். நோயாளியாக நானே படுத்துக்கொண்டேன். இறக்கத்தில் சக்கரம் கல்லில் ஏற, பிடித்திருந்த ஊர்க்காரர்களின் கை நழுவ, கட்டிலோடு சாமைக் கொல்லைக்குள் போய்க் குப்புற விழுந்தேன். நிமிர்த்திப் போட்டார்கள். பெல்ட் மட்டும் கழலவே மாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? தலைப்பிரசவ வலியோடு மல்லிகா என்ற பெண், கணவர் தோளைப் பிடித்தபடி ஜீப் நிற்கும் இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“இன்னாக்கா, உனுக்கும் வலியா?”

ஊரே சிரித்தது. அடுத்த நொடி அவளுக்கு வலி வந்து, உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நின்றது. ஜீப்புக்கு இன்னும் வெகுதூரம். கட்டில் அவளுக்கு உதவும் என்று நினைத்து, அவள் கணவர் பதற்றத்தோடு இடுப்பிலிருந்த கத்தியால் பெல்ட்டை அறுத்து என்னை விடுவித்தார்.

“இதுல படும்மா, சீக்கிரம் போய்டலாம்” என்றேன். (அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள்!)

“படுக்க மாட்டேன்க்கா. வலி வந்தா எழுந்து நிக்கணும். கட்டிப் போட்டா செத்துடுவேன்.”

போர்வையைக் கழியில் கட்டி டோலியாக்கி, அவளை உட்காரவைத்துத் தூக்கினார்கள். “நிறுத்து” என்பாள், நிற்பார்கள். இறங்கி, கணவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து வலியை வாங்கிக்கொள்வாள். “போலாம்” என்பாள், கிளம்புவார்கள். கணுக்கால் வீங்கி நான் நொண்டியபடி பின்னால் போனேன். அம்மாடி, அப்படியொரு தைரியத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை! அத்தனை ஆண்களையும் அந்த மலையிறக்கத்தையும் அவள்தான் நடத்திக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

பிறகு மல்லிகாவிடம் கேட்டுக் கேட்டுக் கட்டிலை நாற்காலியாக்கினேன். நிறுத்தும் பிரேக், உட்காருபவர் கையில். அவள் ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இப்பத்தான்க்கா இது எங்களுது” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. இன்றைக்கும் கேட்காமல் இன்னொரு தோசையை நான் தட்டில் வைக்கப் போனால், என் மகள் கையை நீட்டி இல்லாத ஒன்றை இறுக்கிப் பிடிக்கிறாள்.

“அம்மா, பிரேக்கு!”

தோசை அந்தரத்தில் நின்றுவிடுகிறது.