கெர்னலுக்குப் பங்கு கிடையாது

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ஃபேன் காத்து ஒருத்தர் விடாம எல்லார் மேலேயும் படணும். தண்ணி குடிக்கிறவங்க இப்பவே குடிச்சிடுங்க. நடுவுல எழுந்தா கதை கோவிச்சுக்கும்.

உலகத்தில் வேகத்தைக் கண்டுபிடித்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் வேகத்தைக் கண்டுபிடித்து, அது எங்கும் ஓடிப்போகாதபடி ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிய மகான் ஒருவர்தான். அவர் பெயர் ஜெயவேல். ஊர் வியாசர்பாடி. ஹவுசிங் போர்டு மூணாவது மாடி. திருவொற்றியூரில் எண்ணூர் ரோட்டோரம் இருந்த 'அலைமகள் கன்டெய்னர் யார்டு'க்கு அவர்தான் 'சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்'. அவருக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும் வேலை செய்தன. நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.

இது நடந்தது 2009-ல். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் அலைமகளுக்குள் வந்து, சீல் சரிபார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு போகணும். அந்தச் சீட்டுக்கு ஒரு லாரி சராசரியாக மூன்று மணி நேரம் நிற்கும். சீல் பார்க்கிறவர் டீ குடிக்கப் போனதில் ஒரு மணி நேரம். கையெழுத்துப் போடுகிறவர் அவரைத் தேடிப் போனதில் ஒரு மணி நேரம். இருவரும் சேர்ந்து திரும்பி வந்ததில் இன்னொன்று. இது போக, கேட்டில் இருக்கிற கேமராப் படங்களைக் கம்ப்யூட்டர் வாங்கிச் சேர்ப்பதில் கண் சிமிட்டுகிற நேரம் ஒன்று வீணாகிக்கொண்டிருந்தது.

நிர்வாகம் தயவு தாட்சண்யம் பார்க்காமல் அந்தக் கண் சிமிட்டலைப் பிடித்துக்கொண்டது.

மேனேஜர் பொன்னுரங்கம் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். வந்த நாளிலிருந்து லிஃப்ட்டில் ஏறுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதற்கு வேகம் பத்தாதாம். 'தாமத ஒழிப்பு உயர்மட்டக் குழு' என்று ஒன்றை அமைத்து, அவரும் ஜெயவேலுவும் உட்கார்ந்தார்கள்.

"ஜெயவேல், தாமதத்துக்குக் காரணம் யாரு?"

"கெர்னல் சார்."

"அவரு எந்த டிபார்ட்மென்ட்?"

ஜெயவேல் பொறுமையாக விளக்கினார். கம்ப்யூட்டருக்குள்ளே கெர்னல் என்று ஒரு நிர்வாகி உண்டு. வெளியிலிருந்து வருகிற சேதியெல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டாக நெட்வொர்க் கார்டில் வந்து இறங்கும். கெர்னல் தன் டிரைவர் புரோகிராமை அனுப்பி ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து, பிரித்து, யாருக்கு என்று பார்த்து, ஒரு நகல் போட்டு, உரியவரிடம் கொடுக்கும். கேமராவிலிருந்து பாக்கெட் வெள்ளமாக வரும்போது இப்படி ஒவ்வொன்றையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தால் உருப்படுமா?

"அதனால சார், கேமராப் படத்தைச் சேர்க்கிற நம்ம 'மின்னல்' புரோகிராம் நேரா கார்டுகிட்டயே போய் பாக்கெட்டை அள்ளிக்கும். கெர்னல் நடுவுல வராது."

"புரோக்கரை ஒழிக்கிறோம்னு சொல்லுங்க."

"ஆமா சார். ஆனா இதுல ரெண்டு வழி கீது. கார்டைப் பங்கு போட்டுக்கலாம். கேமரா பாக்கெட் மட்டும் நமக்கு, மிச்சதெல்லாம் கெர்னலுக்கு. அந்தப் பிரிக்கிற வசதி கார்டுலயே கீது. இல்லாங்காட்டி கார்டு முழுசும் நமக்கே."

"பங்கு போட்டா ஸ்கிரீன்ல காட்டுற பாக்கெட் நம்பர் குறையுமா?"

"கொஞ்சம் குறையும் சார். கெர்னல் பேர்ல கொஞ்சம் போயிடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'கெர்னலுக்குப் பங்கு கிடையாது' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கெர்னலுக்கு அழைப்பு அனுப்பவில்லை.

இந்த இடத்தில் ஜெயவேலுவின் இன்னொரு பதவியையும் சொல்லிவிடணும். அவர் இருந்த பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவில் ஒரே ஓர் அடிபம்பு. அதற்கு அவர்தான் தலைவர். இந்தப் பக்கம் ஒரு குடம், அந்தப் பக்கம் ஒரு குடம். சாவு விழுந்த வீடோ சடங்கு வைத்த வீடோ எதுவானாலும் அவங்களுக்கு முதல் குடம். இந்த முறையை வைத்தவரே அவர்தான். அந்தப் பம்படியில் குடம் இடித்ததுண்டு, மண்டை இடித்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தீர்மானத்தைப் பெருமையாகச் சொன்னார். சம்சாரம் மலர்க்கொடி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்தக் கெர்னலுக்கு வர்றது எல்லாம் எங்க போவும்?"

"மின்னல் பாத்துக்கும்."

"மின்னலுக்குக் கேமரா பாஷை மட்டும்தானே தெரியும்னு நேத்து சொன்ன?"

"தெரியாததைத் தூக்கிப் போட்டுடும். அதான் வேகம்."

"சோக்கா கீது. நாளையிலேந்து பம்பை நம்ம வூட்டுக்குள்ள இழுத்து வச்சிக்கலாம். எதிர் பிளாக்குக்காரன் வந்தா தூக்கிப் போட்டுடு."

"அது தண்ணிடி. இது டெக்னாலஜி."

மலர்க்கொடி மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்புத் தேய்த்தாள்.

தொடக்க விழாவும் வந்தது. மாடி ஹாலில் சினிமாத் திரை மாதிரி ஒரு ஸ்கிரீன்; மின்னல் தன் கணக்கைத் தானே நேராக அதற்கு அனுப்பும். தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டு போட்ட மூன்று பெரிய மனிதர்கள். ஜெயவேலுவுக்கு ஒரு பொன்னாடை. அவர் ஹாலிலேயே ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடி, கீழே கேட்டையும் சீட்டையும் பார்த்துக்கொள்கிற கேட் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியாக ஆணை கொடுத்தார்: கெர்னலே, கார்டை விடு.

கெர்னல் விட்டுவிட்டது. மின்னல் பிடித்துக்கொண்டது. ஸ்கிரீனில் எண்கள் ஓடின பாருங்க, ரேஸ் குதிரை தோற்றது. லட்சம், பத்து லட்சம், இருபது லட்சம்.

"ஒரு கோடி பாக்கெட் தொட்டதும் கைதட்டுவோம்" என்றார் பொன்னுரங்கம். கோட்டு மனிதர்கள் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

ஜெயவேல் அடுத்த ஆணையைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் தட்டுகிற ஆணையும் பாக்கெட்டாகத்தான் போகும். அதே கார்டில்தான் போய் இறங்கும். அதைப் படிக்கத் தெரிந்த கெர்னலுக்கு இப்போது கார்டு இல்லை. மின்னல் அதை எடுத்துப் பார்க்கிறது, கேமரா இல்லை என்கிறது, கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்கிறது, தூக்கிப் போடுகிறது. எஜமானுடைய குரலைக்கூட எண்ணிவிட்டுத்தான் எறிந்தது. அவ்வளவு கடமை உணர்ச்சி.

செல்போன் அடித்தது. தவ்ஃபீக். தண்டையார்பேட்டைக்காரன், ஜெயவேலுவோடு சின்ன வயதிலிருந்து ஃபுட்பால் ஆடின தோஸ்து, டிரெய்லர் ஓட்டுகிறவன்.

"மச்சான், கேட்டு தொறக்கல. சீட்டும் வரல. பின்னால லாரி மஸ்தான் கோயில் வரைக்கும் நிக்குது."

"சிஸ்டம் சூப்பரா ஓடிகினு கீது மாமு."

"எங்க ஓடுது? இங்க ஒண்ணும் ஓடல. என் வண்டில இறால் கீது. காத்திவாக்கம் பொம்பளைங்க சங்கத்து இறால். முதல் தடவையா ஏவாரி இல்லாம அவங்களே கப்பல் ஏத்துறாங்க. சாயங்காலம் கப்பல்காரன் வாங்குறதை நிறுத்திடுவான். கூலர் என்ஜினுக்கு டீசல் வேற காலியாவுது. குப்பம்மா ஆயா என் பக்கத்துல உக்காந்துகினு என்னைத் திட்டுது."

"ரெண்டு நிமிஷம்."

எண்ணிக்கை எண்பது லட்சம் தாண்டியிருந்தது. ஜெயவேல் எழுந்து ஓடவேண்டியவர்தான். ஆனால் பாருங்க, கோடி பக்கத்தில் வந்துவிட்டது. தன் வாழ்நாளில் கோடி என்று எதையும் பார்த்தவரில்லை அவர். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு ஸ்கிரீனைப் பார்த்தபடி நின்றார். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

தொண்ணூற்றைந்து லட்சத்தில் ஹால் கதவு திறந்தது. குப்பம்மா படியேறி வந்திருந்தாள். சங்கத்துத் தலைவி, மூச்சு வாங்கியது. கையில் மாதிரிக்காக வைத்திருந்த டப்பா. கோட்டு மனிதர்களுக்கு முன்னால் மேசை மேல் வைத்துத் திறந்தாள். ஐஸ் உருகி, இறால் தண்ணீரில் மிதந்தது. ஏசி ஹால் முழுக்க ஒரு வாடை.

"யாரு நைனா இங்க கணக்குப் புள்ள?"

ஜெயவேலுவின் பொன்னாடைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"உன் மெசினு எல்லாத்தையும் எண்ணுதாமே. இதையும் எண்ணச் சொல்லு. நல்லா இருந்தப்ப எத்தினி, நாறிப் போறப்ப எத்தினின்னு."

"அம்மா, இது கான்ஃபரன்ஸ் ஹால்" என்றார் பொன்னுரங்கம்.

"தெரியுது. அதான் குளிரா கீது. என் இறாலை இங்க வச்சிருந்தா பொழச்சிருக்கும்."

ஜெயவேல் கீழே ஓடினார். மெசின் அறை பூட்டியிருந்தது. சாவிப் பூட்டு இல்லை, அடையாள அட்டை காட்டினால் திறக்கிற நவீனப் பூட்டு. பூட்டு வாங்கச் சொன்னவர் ஜெயவேல். அந்தப் பூட்டு, 'இந்த ஆளை விடலாமா' என்று கம்ப்யூட்டரைக் கேட்கும். எந்தக் கம்ப்யூட்டரை? உள்ளே இருக்கிற அதே கம்ப்யூட்டரை. அட்டையைக் காட்டினார். பூட்டு கேட்டது. மின்னல் எண்ணிக்கொண்டது.

மெயினை அணைத்தார்கள். ஆபீஸ் முழுக்க இருட்டானது, மெசின் மட்டும் ஓடியது. நாள் முழுக்கத் தாங்குகிற பேட்டரி உள்ளே இருந்தது. அதையும் வாங்கச் சொன்னவர் யாரென்று நான் சொல்லணுமா, கண்ணுங்களா?

மெயினை மறுபடி போட்டார்கள். தவ்ஃபீக் வண்டியிலிருந்து டயர் கழற்றுகிற கடப்பாரையோடு வந்தான்.

"தள்ளு மச்சான். இவ்ளோ வேகமான மெசினுக்கு இவ்ளோ பெரிய கதவா?"

"ஒடைக்காதீங்க" என்று பின்னாலேயே வந்த பொன்னுரங்கம் கையை நீட்டினார். "ஜெயவேல், கோடி ஆவட்டும். அஞ்சு நிமிஷம். உங்க ப்ரமோஷனையும் நினைச்சுப் பாருங்க."

ஜெயவேல் கதவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். படியில் டப்பாவோடு இறங்கி வந்துகொண்டிருந்த குப்பம்மாவைப் பார்த்தார். பொன்னாடையை உருவி, கடப்பாரை வழுக்காமல் இருக்கத் தவ்ஃபீக்கின் கையில் சுற்றிவிட்டார்.

"நெம்பு மாமு."

உள்ளே போய்க் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, கார்டைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்தார். கெர்னல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'என்னை விரட்டினீங்களே' என்று முகம் தூக்கவில்லை. பழைய டிரைவரைக் கூப்பிட்டது, ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்தது, பிரித்தது, யாருக்கு என்று பார்த்தது. கேட்டுக்குப் போகவேண்டியது கேட்டுக்குப் போனது. கம்பம் மேலே எழும்பியது. பிரிண்டர் கரகரவென்று முதல் சீட்டைத் துப்பியது. அன்றைக்குச் சீல் பார்க்கிறவரும் டீ குடிக்கப் போகவில்லை. குப்பம்மா அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

கப்பல்காரன் பதிவு மூடுகிற நேரத்துக்குத் தவ்ஃபீக்கின் வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. இறால் கப்பலேறியது. மாதிரி டப்பா மட்டும் போச்சு. அதைக் குப்பம்மா பொன்னுரங்கத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள், ஞாபகார்த்தமாக.

மறுவாரம் ஆய்வுக் கூட்டம். ஜெயவேல் தலைகுனிந்து, "கார்டைப் பங்கு போட்டுடலாம் சார். ரெண்டு பேருக்கும் வேலை நடக்கும்" என்றார்.

"நம்பர் குறையுமே" என்றார் பொன்னுரங்கம்.

நிர்வாகம் ஆழ்ந்து யோசித்து ஒரு 'பொன்னான' முடிவெடுத்தது. கேட் வேலையைப் பழையபடி கெர்னலே பார்க்கட்டும். மின்னலுக்குப் புதிதாக ஒரு மெசின், சொந்தமாக ஒரு கார்டு, ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா. அந்தக் கேமரா நிற்கிற லாரிகளைப் படமெடுக்கும், மின்னல் பாக்கெட்டை எண்ணும், வருகிற விருந்தாளிகள் கைதட்டலாம். தொடக்க நாளைப் பற்றிய அறிக்கையில், 'மின்னல் இயங்கிய நேரம் முழுவதும் யார்டுக்குள் நெரிசல் அறவே இல்லை' என்று எழுதினார்கள். உண்மைதானே, ஒரு லாரிகூட உள்ளே வரவில்லை.

ஜெயவேலுவுக்கு 'வேகப் பிரிவுத் தலைவர்' பட்டம், ஆடாத நாற்காலி. அவர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். திறந்த வாயால் நன்றி சொன்னார்.

தவ்ஃபீக் டீக்கடையில் விசாரித்தான்.

"அந்தப் புது மெசினு இன்னா பண்ணுது மச்சான்?"

"வெளிய நிக்கிறவங்களை எண்ணுது."

"உள்ள வுடுமா?"

"அது அதோட வேலை இல்ல."

"அப்ப நீ?"

ஜெயவேல் டீயைக் குடித்து முடித்து, ரெண்டு டீக்கும் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் பம்படிக்குப் போனார். சேதி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மலர்க்கொடி அவர் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கொண்டாள்.

"தலைவரு வந்துட்டாரு, வழி வுடுங்க" என்றாள் எதிர் பிளாக்குக்காரிகளைப் பார்த்து. "அவரு அந்தச் செவுத்தோரமா நின்னு எண்ணட்டும். நாம தண்ணி புடிக்கலாம்."

போய்ட்டு வாங்க கண்ணுங்களா. உங்க வீட்டில் அடுப்பு அணையாம இருக்கட்டும். ஒரே குழாயானாலும் ரெண்டு வீட்டுக்கு ஊறட்டும். உங்க வாசலில் வந்து நிற்கிறவங்களை எண்ணி எண்ணிப் பூரிச்சுப் போகாம, எழுந்து போய்க் கதவைத் திறக்கிற கை ஒண்ணு உங்க குடும்பத்தில் எப்பவும் இருக்கட்டும்.