நாற்பத்தொன்றாம் வரிசையில் அக்கா

மனிதகுலம் கண்ட கல்விமுறைகளிலேயே உயர்ந்தது, படிப்பதற்கு முன் செய்யும் ஆயத்தம்தான். படிப்பு வெறும் பின்விளைவு. இந்த மாபெரும் உண்மையை நிலைநாட்டிய பெருமை, தண்ணீர்த் தொட்டிகள் கட்டும் ஒரு நிறுவனத்தின் இளம் வரைவாளனைச் சேரும்.

நாற்பத்தைந்து நாளில் அவனுக்குத் துறைத் தேர்வு. பாடம், கல்லூரியில் படித்து மறந்துபோன பலமாறி நுண்கணிதம். மூன்றாவது முயற்சி, அதுவே கடைசி. தேறினால் தொட்டிகளை வடிவமைக்கலாம். தவறினால், ஓய்வு பெறும்வரை அடுத்தவர் வடிவமைத்த தொட்டிகளைப் பார்த்து வரையலாம்.

பொறுப்பற்றவர்கள் உடனே ஒரு புத்தகத்தைத் திறந்து கணக்குப் போடத் தொடங்குவார்கள். அதே தேர்வை எழுதவிருந்த அலுவலக ஸ்டோர் கீப்பர் அதைத்தான் செய்தார். அவருடைய புத்தகத்தில் அட்டையும் இல்லை, முதல் பதினாறு பக்கங்களும் இல்லை.

"யார் எழுதினதுன்னே தெரியாம எப்படிங்க நம்பிப் படிக்கிறீங்க?"

"பின்னாடி விடை இருக்கு தம்பி. எனக்கும் அதே விடை வருது. வேற என்ன வேணும்?"

வரைவாளன் அவருக்காக மனமார வருந்தினான். இரண்டு முறை தவறியதற்குத் தன் மூளை காரணமல்ல, புத்தகம்தான் காரணம் என்று நம்ப அவனுக்கு ஆசை. அதனால் 'வளங்கள்' தேடினான். பாடநூல், காணொளி, விரிவுரைக் குறிப்பு என்று நாற்பது சேர்ந்தன. ஓர் அட்டவணை போட்டான். ஒவ்வொன்றுக்கும் எண், நட்சத்திரம், குறைநிறை. ஒரு காணொளியில் ஆசிரியர் சாக்பீஸைக் கிறீச்சிட வைத்தார். அரை நட்சத்திரம் குறைக்கப்பட்டது.

இருபதாம் நாள், சாப்பாட்டு மேசையில் அக்கா எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் பத்து வருடமாக அதே பாடத்தை நடத்துகிறவள்.

"டேய், நான் எதுக்குடா இருக்கேன்? தினம் ஒரு மணி நேரம் உட்காரு, முடிச்சிடலாம்."

"உன்னையும் பரிசீலிக்கிறேன்க்கா. ஆனா உன்னைப் பத்தி யாரும் மதிப்புரை எழுதலையே?"

"எங்க காலேஜ் பாத்ரூம் சுவத்துல நிறைய எழுதியிருக்காங்க. போய்ப் படிச்சுக்கோ."

சொந்தபந்தம் பார்க்காமல் அவளை நாற்பத்தொன்றாம் வரிசையில் சேர்த்தான். 'நிறை: வீட்டிலேயே கிடைக்கும். குறை: நடுவில் நிறுத்திவைக்க வசதியில்லை, திட்டும்.'

அப்போதுதான் அந்த மகத்தான சிக்கல் முளைத்தது. ஒரு வளத்தின் பயன், அதன் தெளிவையும் நீளத்தையும் பொறுத்து மாறுகிறது. அதன் உச்சம் எங்கே? கண்டுபிடிக்கப் பலமாறி நுண்கணிதம் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நல்ல வளம் வேண்டும். நல்ல வளத்தைத் தேர்ந்தெடுக்க உச்சம் தெரிய வேண்டும். மீதி இருபத்தைந்து நாளும் இந்த வட்டத்தை அவன் ஒரு நாள்கூட விடுப்பெடுக்காமல் சுற்றினான்.

தேர்வில் முதல் கேள்வியே, ஒரு வளைபரப்பின் உச்சத்தைக் காண்பதுதான். எந்தெந்த நூலில் எந்தெந்தப் பக்கத்தில் வழிமுறை இருக்கிறது என்று நான்கு நூல்களைக் குறிப்பிட்டு அழகாக எழுதினான். ஸ்டோர் கீப்பர் வெறும் விடையை எழுதினார்.

ஸ்டோர் கீப்பர் தேறினார். ஆனால் புகழ் வரைவாளனுக்கு! தலைமைப் பொறியாளர் அவனுடைய அட்டவணையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அலுவலகச் சுவரில் மாட்டினார். "கணக்குப் போட யார் வேணாலும் வருவாங்க. இப்படி ஒரு அட்டவணை போட யார் வருவா?" என்று கூட்டத்தில் தழுதழுத்தார். தோற்றவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் அக்காவை அழைத்துவந்து காட்டினான். அவள் பொறுமையாகப் படித்து முடித்தாள். வலது ஓரத்தில், 'பயன்படுத்திய தேதி' என்ற தலைப்பின் கீழ், மேலிருந்து கீழ்வரை நாற்பத்தொரு கட்டங்கள்.

"எல்லாம் சரி. இது மட்டும் ஏன்டா மொத்தமும் காலியா இருக்கு?"

"அதுக்குள்ள பரீட்சை வந்துடுச்சுக்கா," என்று சொல்லிவிட்டு அவன் தன் மேசைக்குப் போனான். ஸ்டோர் கீப்பர் வடிவமைத்த முதல் தொட்டி, பார்த்து வரைவதற்காக அங்கே காத்திருந்தது.