ஆந்தைக்குக் கிடைத்த முதல் பரிசு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இல்லை, அதுவும் பொய். வெட்கம் இன்னும் என்னை விடவில்லை. ஹாலோவீன் என்கிற மாறுவேஷப் பண்டிகை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்கும் தேவாலயத்தில் கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறேன்.

எல்லாம் காலைச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. மேஜை என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் மேஜை கிடையாது. அந்த இடத்தில் தையல் மிஷினும் துணிமூட்டையும்தான். என் மனைவி மார்னியும் அவளுடைய தேவாலயத் தையல் குழுவும் சேர்ந்து, நடக்கப் பழகிய வயசுக் குழந்தைகளுக்கு மாறுவேஷ உடைகள் தைத்து, நன்கொடைச் சாமான்களை மலிவாக விற்கும் சுற்றுவட்டாரத் தர்மக் கடைகளுக்கு அனுப்புவார்கள். பழைய போர்வை, பழைய சட்டை, எது கிடைத்தாலும் பூசணிக்காயாகவோ பூனையாகவோ மாறிவிடும். நான் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரம் நின்றபடியே சாப்பிடுவேன். அன்றைக்கு முட்டை வேறு ஆறிப்போயிருந்தது. வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு வேஷம். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நானா இருந்தா அரை மணியில முடிச்சிடுவேன்."

மார்னி வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"சரி, முடி."

"என்னது?"

"நம்ம பொண்ணு டில்லிக்கு இந்த வருஷம் நீயே செய். கடையில வாங்கக் கூடாது. உன் கையால செய்யணும். தேவாலயத்துல நடக்கற கைவேலை வேஷப் போட்டிக்கு உன் பேரைக் குடுத்துடறேன்."

"குடு! முதல் பரிசோட வரலைன்னா என் பேர் எல்வுட் இல்ல!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் பேரையும் சேர்த்துக் கொடுத்தேன்.

தீயணைப்பு வண்டி செய்வதாக முடிவு. துணி உலர்த்தும் மிஷின் வந்த அட்டைப்பெட்டி கார் கொட்டகையில் இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்தேன். காகிதத் தட்டுகளை ஒட்டிச் சக்கரம் வைத்தேன். டில்லியை உள்பனியனோடு நிறுத்தி அளவெடுத்து, இம்மி பிசகாமல் ஓட்டை போட்டேன். அரை மணி நேரம் நான்கு சாயங்காலமாக நீண்டது. ஆனாலும் வண்டி ஜோராக இருந்தது. மார்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையில் டில்லியின் பஞ்சு வைத்த கோட்டோடு வந்தாள்.

"அழகா இருக்கு எல்வுட். கோட்டு எங்க போகும்?"

"எந்தக் கோட்டு?"

"வெளிய பனி கொட்டுது. கோட்டுக்கு மேலதானே வேஷம் போடணும்?"

பனிக்குப் பேர்போன மினசோட்டாவில் பிறந்து முப்பத்தெட்டு ஹாலோவீன் பார்த்தவன் நான். சின்ன வயதில் கொள்ளைக்காரன் வேஷம் போட்டு, அம்மா மேலே மாட்டிவிட்ட கோட்டால், தெருவில் ஒருவர்கூட என்னைப் பார்த்துப் பயப்படாத துக்கம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அந்த நான் கோட்டை மறந்தேன். கோட்டுப் போட்ட டில்லியை வண்டிக்குள் திணித்துப் பார்த்தோம். பாதியில் மாட்டிக்கொண்டாள். இழுத்ததில் வண்டி கிழிந்தது. அவள் அழுதாள். வண்டியில் இப்போது பூனை குடியிருக்கிறது.

போட்டிக்கு இரண்டே நாள். தோற்றுவிட்டேன் என்று மார்னியிடம் சொல்ல மனசு வரவில்லை. தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முப்பது மைல் தள்ளி ஒரு தர்மக் கடைக்குப் போனேன். பளபளவென்று ஆலையில் செய்த வேஷங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றைக் கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும். மூலையில் ஒரே ஒரு ஆந்தை, அசல் கைவேலை. பழுப்புக் கட்டம் போட்ட துணியில் வரிசை வரிசையாக இறகு, பொத்தான் கண், கோட்டுக்குத் தாராளமாக இடம். ஏனோ அந்தத் துணியைப் பார்த்ததுமே மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு விலைச்சீட்டைக் கிழித்தேன். இரண்டு நூலை வெளியே இழுத்துவிட்டேன். காயமே படாத கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி போட்டேன். பிறகு மார்னியிடம் ஆந்தையை நீட்டினேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நீ செஞ்சதா?"

"பின்னே?"

"இத்தனை இறகும்?"

"ஒவ்வொண்ணா வெட்டினேன். ஒரு நூறு இருக்கும்."

"நூத்தி நாப்பது மாதிரி தெரியுதே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. பெருமை தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் பிளாஸ்திரியை இன்னும் அழுத்தி ஒட்டிக்கொண்டேன்.

தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில் ஊரே கூடியிருந்தது. கார்களின் பின்கதவைத் திறந்து வைத்து, வேஷம் போட்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கைவேலைப் போட்டிக்கு வந்தது எங்கள் ஆந்தை மட்டும். என் திறமையைக் கேள்விப்பட்டு மற்றவர்கள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்தேன். தையல் குழுத் தலைவி ஹாகன் அம்மா மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"எல்வுட், துணி எங்கப்பா வாங்கினே?"

திருட்டு முழி முழித்தேன். வாய்க்கு வந்தது வெளியே விழுந்தது.

"வாங்கலைங்க. என் பழைய சட்டையை வெட்டித்தான் செஞ்சேன்."

தையல் குழுவின் பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. என் சட்டையில் முதல் பரிசுக்கான ஆரஞ்சு நாடாவைக் குத்தினார்கள். யாரோ ஒரு இளம் அப்பா வந்து கையைக் குலுக்கி, "உங்களைப் பார்த்துத்தான் நாங்கல்லாம் கத்துக்கணும்" என்றான். எனக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதை.

திரும்பும்போது காரிலேயே உடைந்துபோனேன்.

"மார்னி, அதை நான் செய்யல. வாங்கினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"தைச்சது நான்தானே."

சிவப்பு விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

"அப்போ அந்தத் துணி..."

"உன் பழைய மீன்பிடிச் சட்டை. நீ அத்தனை பேர் முன்னாடி சொன்னதுல அது ஒண்ணுதான் உண்மை."

"அந்தப் பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"இடது சிறகு ஹாகன் அம்மா தைச்சது."

"தெரிஞ்சும் ஏன் பரிசு குடுத்தாங்க?"

"ஜெயிக்கிறவங்கதான் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம் தைக்கணும். அதுக்குப் பயந்துதான் ஒருத்தரும் போட்டிக்கு வர்றதில்ல. ரெண்டு வருஷமா நான் மாட்டிக்கிட்டு முழிச்சேன். டிசம்பர் பூரா எதுக்கு ஆடு தைக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"உனக்கு ஆடு பிடிக்கும்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் பட்ட அவமானங்களில் அதுதான் பெரியது. மைக்கில் சொன்ன பொய்கூட அதற்கப்புறம்தான்.

வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "எத்தனை ஆடு?" என்றேன்.

"பதினாலு. அரை மணிக்கு ஒண்ணுன்னு வச்சாலும் ஏழு மணி நேரம்தானே?"

இப்போது மேஜை என்னுடையது. முதல் ஆடு முடிய ஒன்பது நாள் ஆயிற்று. இந்த முறை நிஜமாகவே என் கைவேலை. கட்டைவிரலில் நிஜமாகவே பிளாஸ்திரி. கோட்டுக்கு இடம் விட்டு, காதை மூன்று தரம் பிரித்துத் தைத்து, நேற்றுச் சாயங்காலம் டில்லிக்குப் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினேன். மார்னி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டில்லி கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கைதட்டிக் குதித்தாள்.

"அப்பா, பன்னி!"