முன்னால் போன பச்சைக் காருக்கு நன்றி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் கோபமாக இருக்கிறது, காரணம் கீழே வரும். நீங்களும் என் மகளும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் ஒரு ஸ்டியரிங்கும் பெடல்களும் வாங்கி அனுப்பி, கம்ப்யூட்டரில் அந்தக் காலத்து ரேஸ் கார்களை ஓட்டும் ஒரு கிளப்பிலும் சேர்த்துவிட்டீர்கள். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் பிரேக்கை மிதித்தேன். திரையில் கார் நிற்கவில்லை, நான்தான் பின்னால் உருண்டு போய் அலமாரியில் முட்டி நின்றேன். உங்கள் அத்தை துணி காயப்போடும் கயிற்றை எடுத்து வந்து நாற்காலியைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள். அடுத்த பிரேக்குக்கு நாற்காலி அசையவில்லை, பெடல்கள் சுவர் வரைக்கும் ஓடின, கால் அதோடு போய் முழங்கால் மேசையில் இடித்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் மாப்பிள்ளை. தாங்க முடியாதது வேறு. முன்னால் போகும் வண்டிக்கும் உனக்கும் நடுவில் இடைவெளி விடு என்று ஆயுசு முழுக்கக் கத்தியவன் நான். இந்தக் கிளப்பிலோ ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். கிளப்பை நடத்தும் பல் டாக்டர் எனக்கு ஹெட்போனில் பொறுமையாக விளக்கினார். முன்னால் போகிற கார் காற்றைத் தள்ளிக்கொண்டு போகுமாம், பின்னால் ஒட்டி வருகிறவனுக்குக் காற்றுத் தடை குறைவதால் அவன் வேகம் தானாகக் கூடுமாம். எல்லாம் புரிந்தது, கால்தான் கேட்கவில்லை. கார் நெருங்கினால் பிரேக்குக்குப் போய்விடும். கண்ணாடியில் யாராவது தெரிந்தால் ஓரம் கட்டி, "நீங்க போங்க" என்பேன். முந்துகிறவனுக்கு வழி விடுவதுதானே முறை என்று டாக்டரிடம் வாதாடியும் பார்த்தேன்.

"மாஸ்டர், இங்க எல்லாருமே முந்தறவங்கதான்" என்றார் அவர்.

ஒவ்வொரு ரேஸிலும் கடைசி. சீசன் முடியும்போது புள்ளிக் கணக்கில் கடைசியில் இருப்பவரை எடுத்துவிட்டு, வெளியே காத்திருப்பவரைச் சேர்ப்பது கிளப்பின் வழக்கம். ஸ்கூலை மூடிய பிறகு என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவது அவர்கள் மட்டும்தான். அந்தக் குரல்கள் இல்லாத சாயங்காலத்தை நினைக்கவே பயமாக இருந்தது. என்னோடு சமமாகக் கடைசியில் கிடந்தது ஒரு பச்சைக் கார். சீசன் நடுவில் வந்து சேர்ந்த அந்த ஆள் வாயையே திறந்ததில்லை. எங்கள் இருவரில் ஒருவர் போகவேண்டும். அது உங்கள் வீட்டிலிருந்து வரும் கார் என்று டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். உங்களை எதிர்த்தா ஓட்டுவது என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி ரேஸ் நடந்த பாதையில் முடிவுக் கோட்டைத் தொடும் முன் நீளமான நேர்சாலை. ரேஸ் தொடங்கும் முன் கியரை நாமே அமைத்துக்கொள்ளலாம். குட்டைக் கியர் வைத்தால் வளைவிலிருந்து சட்டென்று கிளம்பும், நேர்சாலையின் பாதியிலேயே எஞ்சின் கதறி அதற்குமேல் வேகம் ஏறாது. நீளக் கியர் வைத்தால் கிளம்பச் சோம்பும், யாராவது முன்னால் போய்க் காற்றை மறைத்தால்தான் முழு வேகம் வரும். இத்தனை நாள் எதற்கும் இருக்கட்டும் என்று குட்டைக் கியர் வைத்தவன், அன்றைக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு நீளக் கியர் வைத்தேன். அப்படியென்றால் ஒருவர் முதுகில் ஒட்டித்தான் ஆகவேண்டும்.

கடைசிச் சுற்றில் பச்சைக் கார் எனக்கு முன்னால். ஒட்டினேன் மாப்பிள்ளை. என்னிடம் படித்தவன் எவனாவது பார்த்திருந்தால் லைசென்ஸைக் கிழித்துப் போட்டிருப்பான். கார் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் போனது. பாதி நேர்சாலையில் பச்சைக் கார் திடீரென்று தயங்கியது. எனக்காகவே காத்திருப்பதுபோல் இருந்தது. நான் விலகி, முந்தி, கோட்டைத் தொட்டேன். "மாஸ்டர், நீங்க இருக்கீங்க" என்றார் டாக்டர். பச்சைக் கார் கிளப்பை விட்டுப் போய்விட்டது.

நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எனக்குக் காற்றை மறைத்து, கடைசியில் உங்கள் இடத்தையும் கொடுத்துவிட்டீர்கள். பெற்ற பிள்ளை இருந்தாலும் இதைச் செய்வானா தெரியாது. உங்கள் பேச்சை எடுத்தாலே அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். உங்கள் கை பட்டதெல்லாம் விளங்கட்டும், உங்கள் வண்டிக்கு எந்த நாளும் பாதை திறந்தே இருக்கட்டும்.

நன்றி மறவாத,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் சமயம் மகள் போன் செய்தாள். பச்சைக் கார் அவளுடையதாம். என்னைச் சேர்த்துவிட்டதோடு சரி, நீங்கள் அந்தப் பக்கமே வந்ததில்லையாம், திரையில் கார் வளைந்தாலே உங்களுக்குத் தலை சுற்றுமாம். அப்பாவுக்காகவா விட்டுக்கொடுத்தாய் என்று தழுதழுத்துக் கேட்டேன்.

"விட்டுக்கொடுக்கறதா? உங்களத் தூக்கிட்டு நான் உள்ள இருக்கணும்னுதான்பா வந்தேன். குட்டைக் கியரப் போட்டுத் தொலைச்சேன், நேர்ல இழுக்கவே இல்ல" என்றாள். குரலில் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆகவே ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் உள்ள நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அவளிடம் கொடுத்துவிடவும். ஸ்கூலை மூடியதிலிருந்து சீட்டாட்டத்தில்கூட எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், தெரியாதமாதிரி நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் நிஜமாகவே தோற்றவள் அவள் ஒருத்திதான்.